செவ்வாயின் இரண்டு முனையிலும் வெள்ளை தெரிகிறது. எது துருவப் பனி?

பொள்ளாச்சி மாடி | 17 ஜனவரி 2025, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். நேற்று காணும் பொங்கல். வந்திருந்த சொந்தக்காரர்கள் கிளம்பியதும் ராத்திரி எட்டு மணிக்கு நானும் மகளும் தொலைநோக்கியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எட்டு அங்குல டாப்சோனியன், குவியத் தூரம் 1200 மி.மீ. போன ஆவணியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நிலாவும் வியாழனும் நிறையப் பார்த்தாயிற்று. நேற்று செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாள் என்பதால் அதைப் பார்த்தே தீருவது என்று மகள் பிடிவாதமாக இருந்தாள்.

25 மி.மீ. கண்ணருகு வில்லையில் கண்ணைக் கூசும் ஆரஞ்சுப் பொட்டு, அவ்வளவுதான். 10 மி.மீ. போட்டதும் வட்டமாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஓர் இடத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் இருபது நிமிஷம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு நோட்டில் வட்டம் போட்டு இரண்டு முனையிலும் வெள்ளை வரைந்தாள். ஒன்று சின்னது, ஓரம் கத்தரித்த மாதிரி. எதிரே இருப்பது அகலமானது, மங்கலானது. ‘அது லென்ஸில் அடிக்கிற வெளிச்சம்’ என்று என் மைத்துனர் சொன்னார். மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் படித்த புத்தகத்தில், இந்த மாதிரித் தொலைநோக்கியில் பிம்பம் தலைகீழாகத் தெரியும், தெற்கு மேலே இருக்கும் என்று படம் போட்டிருக்கிறது. அப்படியானால் மேலே பளிச்சென்று தெரிந்தது தென்துருவமா? ஆனால் இப்போது வடதுருவம்தான் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இன்னோர் இடத்தில் படித்தேன். நாங்கள் பார்த்தது உண்மையிலேயே பனிதானா, எந்தத் துருவம், மகள் வரைந்த இரண்டாவது வெள்ளை என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுக்குமாடி வானம் | 17 ஜனவரி 2025, காலை 9.15

சென்னையிலிருந்து எழுதுகிறேன். எட்டு மணி என்பதுதான் முதல் சிக்கல். அந்த நேரத்தில் செவ்வாய் கிழக்கே இருபது சொச்சம் டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது நம் காற்றே முப்பட்டகம் மாதிரி வேலை செய்யும். கோளின் மேல் விளிம்பில் நீலமும் கீழ் விளிம்பில் சிவப்பும் பிரிந்து நிற்கும். அந்த நீல ஓரத்தைத் துருவப் பனி என்று நான் ஒரு வருஷம் முழுக்க நம்பியிருந்தேன். நள்ளிரவுக்குப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். அப்போதும் இருந்தால் அது செவ்வாயில் இருப்பது. லென்ஸ் வெளிச்சமா என்று பார்க்கவும் வழி உண்டு: கோளைக் காட்சிப் புலத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓட விடுங்கள். எதிரொளி கோளை விட்டு விலகி நகரும். பனி கோளோடு ஒட்டியே போகும்.

கணக்கு டீச்சர் | 17 ஜனவரி 2025, இரவு 9.40

தம்பி, முதலில் பாப்பாவிடம் சொல்லுங்கள்: இரண்டு வெள்ளையும் இருக்கிறது. அவள் வரைந்தது சரி. எட்டு மணிக்கு, அந்தத் தாழ்வில், இருபது நிமிஷம் பொறுமையாக நின்று இதைப் பிடித்திருக்கிறாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கிறது.

திசைக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ‘தெற்கு மேலே’ என்ற படம், தெற்கு முகமாக நின்று கோளைப் பார்க்கிறவர்களுக்காகப் போட்டது. ஐரோப்பாவில் செவ்வாய் எப்போதுமே உச்சிக்குத் தெற்கேதான் போகும். நமக்கு அப்படி இல்லை. இந்த முறை செவ்வாய் மிதுனத்தில் நிற்கிறது, வான நடுக்கோட்டுக்கு 25 டிகிரி வடக்கே. பொள்ளாச்சி பத்தரை டிகிரிக்குச் சற்று மேலே. அப்படியானால் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அது உங்கள் உச்சிக்கு 14 டிகிரி வடக்கே போகும். நீங்கள் வடக்கு முகமாகத் திரும்பி நின்றுதான் பார்க்க வேண்டும். அங்கேயே புத்தகப் படம் புரண்டுவிட்டது. போதாததற்கு டாப்சோனியனில் கண்ணருகு வில்லை பக்கவாட்டில் இருப்பதால், தலையைச் சாய்க்கச் சாய்க்க மேல் கீழ் எல்லாம் மாறும்.

அதனால் மேல் கீழ் என்று பார்க்கவே வேண்டாம். நான் முப்பது வருஷமாகச் செய்வது இதுதான்: குழாயின் வாயைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கமாக, வடக்கே, மெல்லத் தள்ளுங்கள். கண்ணில் கோள் எந்த ஓரத்தை நோக்கி நகர்கிறதோ அது தெற்கு, எதிர் ஓரம் வடக்கு. குழாயை விட்டுவிட்டுச் சும்மா நின்றால் கோள் தானாக நகர்ந்து வெளியேறும் பக்கம் மேற்கு. ஒவ்வொரு முறை வரையும் முன்பும் தாளில் இந்த இரண்டையும் குறித்துவிட்டால் பிறகு சண்டையே வராது. செய்து பாருங்கள், பளிச்சென்று ஓரம் வெட்டினாற்போல இருந்தது வடக்கு என்றுதான் வரும்.

செவ்வாயின் வட பாதியில் வசந்தம் போன நவம்பர் 12ஆம் தேதி தொடங்கியது. குளிர்காலம் முழுக்க வடதுருவத்தின் மேல் மேகம் ஒரு முக்காடு போட்டுக் கிடக்கும். வசந்தம் வந்ததும் அது விலகி, அடியில் படிந்த பனி வெளியே தெரியும். உங்களுக்குத் தெரிந்தது அந்தப் பனி. தென் பாதியில் இப்போது இலையுதிர் காலம். அங்கே முக்காடு இப்போதுதான் கட்டத் தொடங்குகிறது. பாப்பா வரைந்த மங்கலான வெள்ளை பெரும்பாலும் அந்த மேகம்தான்.

அதையும் சந்தேகமில்லாமல் பார்த்துவிட வழி உண்டு. ஒரு சிவப்பு ஃபில்டர் வாங்குங்கள், 25ஆம் எண். உங்கள் எட்டு அங்குலத்துக்கு அது சரி. சின்னத் தொலைநோக்கி என்றால் இளஞ்சிவப்பான 23ஏ போதும். தரையில் கிடக்கும் பனி சிவப்பிலும் வெள்ளையாகவே நிற்கும். மேகம் சிவப்பில் மங்கிப்போகும், 80ஏ நீலத்தில் எடுப்பாகத் தெரியும். கடையில் விற்கும் சிவப்பு ஜெலட்டின் தாளை வைத்தும் பார்த்திருக்கிறேன். பிம்பம் குழம்பிவிடும், அதில் முடிவெடுக்க முடியாது.

தெற்கே ஏமாற்றுகிற இடம் இன்னொன்று உண்டு, ஹெல்லாஸ் என்கிற பெரும் பள்ளம். அகலம் 2,300 கி.மீ., ஆழம் ஏழு கி.மீ. தென் பாதியில் குளிர் ஏற ஏற அதில் உறைபனியும் மேகமும் நிரம்பி, துருவப் பனியைவிட வெள்ளையாகக்கூடத் தெரியும். தென்துருவம் என்று நிறையப் பேர் வரைந்து வைத்திருப்பது ஹெல்லாஸைத்தான். இரண்டு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். கோள் அதற்குள் 29 டிகிரி சுழன்றிருக்கும். வெள்ளையும் கூடவே நகர்ந்திருந்தால் ஹெல்லாஸ். இருந்த இடத்திலேயே இருந்தால் துருவ மேகம்.

இனி பார்க்கிற விதம். 10 மி.மீ. வில்லையில் உங்களுக்கு 120 மடங்கு கிடைக்கிறது. அந்த உருப்பெருக்கத்தில் செவ்வாய், வெறும் கண்ணுக்கு முழு நிலா எவ்வளவு பெரிதோ ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். இதை யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் கணக்கு அதுதான்: இப்போது அதன் அகலம் 14½ வில்விநாடி (ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் ஒரு பங்கு), நிலா 1,800 சொச்சம். சின்னதாகத் தோன்றுவது, பக்கத்தில் ஒப்பிட ஒன்றும் இல்லாததால். உருப்பெருக்கத்தை இரட்டிக்கும் பார்லோ வில்லை இருந்தால் போட்டு 240க்குப் போங்கள். மாடி விளக்கை அணைக்க வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குச் செவ்வாய் கூசும், நிறமும் தெரியாது. சிமெண்ட் தளம் பகல் வெயிலை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டே இருக்கும். நான் சாயங்காலமே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவேன். கொல்லையில் மண் தரை இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் காத்திருங்கள். கிணற்றடியில் கிடக்கும் காசைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அசையும்போது காசு நெளியும், உடையும், இரண்டாகும். திடீரென்று ஒரு விநாடி நீர் அடங்கும், அந்த விநாடியில் காசில் இருக்கும் தலைகூடத் தெரியும். செவ்வாய் அப்படித்தான். அடங்குகிற விநாடியில் பனியின் ஓரம் வெட்டினாற்போல வந்து நிற்கும், அதைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரியும். அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் 1894இல் ஆய்வகம் கட்டிய லோவல், அது பனி உருகிய நீர் என்று நம்பினார். நீர் இல்லை. வடபனியைச் சுற்றிக் கருமணல் குன்றுகள் வளையமாகக் கிடக்கின்றன. பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் எதையும் கருப்பாகக் காட்டுவது நம் கண்ணின் பழக்கமும்கூட.

இந்தப் பனியில் பெரும்பகுதி நம் வீட்டு ஐஸ் இல்லை என்பதைப் பாப்பாவுக்குச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் புகை போடுவார்களே, அந்த உலர் பனி. செவ்வாயின் காற்றில் 95 விழுக்காடு கரியமில வாயு. குளிர்காலத்தில் துருவத்தில் மைனஸ் 125 டிகிரிக்குப் போகும்போது காற்றே உறைந்து தரையில் படிகிறது. வெயில் பட்டதும் கற்பூரம் மாதிரி, உருகாமலே காற்றாகிவிடும். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் பருவத்துக்குப் பருவம் காற்றழுத்தம் கால் பங்கு அளவுக்கு ஏறி இறங்குவதையே அளந்து காட்டின. வடக்கே கோடையில் இது எல்லாம் போனபின் மிஞ்சுவது நீர்ப்பனி, 1,000 கி.மீ. அகலம். ஆக உங்கள் மாடியிலிருந்து நீங்கள் பார்ப்பது ஒரு கிரகத்தின் காற்று உறைந்து கிடப்பதை. இதைவிடப் பெரிய காட்சி நம் கைக்கு எட்டும் தூரத்தில் வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் முதலில் நன்றாகப் பார்த்தது 2003 ஆகஸ்ட். செவ்வாய் 25 வில்விநாடி அகலத்துக்கு வந்த மாதம். கார்போரண்டம் தூள் போட்டு நானே தேய்த்த ஆறு அங்குலக் கண்ணாடி, பிவிசி குழாய். பள்ளி மைதானத்தில் வைத்து வரிசையில் விட்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, ‘மிஸ், ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கு’ என்றாள். அது தென்துருவப் பனி. இன்றுவரை எனக்கு அதைவிடச் சரியான வர்ணனை கிடைக்கவில்லை. 2005 நவம்பரில் ஐப்பசி மழை ஓர் இரவுகூட விடவில்லை. 2018 ஜூலையில் செவ்வாய் முழுக்கப் புழுதிப் புயல். கோள் துவைத்த காவி வேட்டி மாதிரி வெறுமையாக இருந்தது. தெற்கே அந்த ஒரு பருக்கை மட்டும் புழுதியைத் தாண்டித் தெரிந்தது. 2020 அக்டோபரில் அங்கே கோடை முற்றி, அது குண்டூசித் தலை ஆகிவிட்டது.

வரையச் சொல்லுங்கள், ஒவ்வொரு வாரமும். எப்போதும் ஒரே அளவு வட்டம். நான் பவுடர் டப்பா மூடியைக் கவிழ்த்துப் போடுவேன், சரியாக 50 மி.மீ. கோள் விலகிப் போய்ச் சிறுத்தாலும் வட்டம் மாறக் கூடாது. அப்போதுதான் பனி சுருங்குவது தெரியும்.

ரொறொன்ரோ இரவு | 18 ஜனவரி 2025, காலை 8.05

டீச்சர் எழுதிய திசை விளக்கத்துக்கு இங்கேயிருந்து ஒரு சாட்சி. நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப ரொறொன்ரோவில் இருக்கிறன். எங்களுக்கு நள்ளிரவில் செவ்வாய் தெற்கே, 71 டிகிரி உயரத்தில். புத்தகப் படம் இங்கே பொருந்துது: தெற்கு முகமா நின்று பார்க்கிறேக்கை வெள்ளை கீழ்ப்பக்கம், அது வடக்கு. ஊரில் இருந்து பார்த்திருந்தால் நானும் குழம்பித்தான் இருப்பன். இங்கே வேற தொல்லை. வீட்டுக்குள்ளே 21 பாகை, வெளியிலே மைனஸ் 12. தொலைநோக்கியை வெளியில் வைத்து ஒண்டரை மணித்தியாலம் குளிர விடாட்டில் கண்ணாடியில் இருந்து எழும்பிற வெப்பமே பனியின் ஓரத்தைக் கரைச்சுப்போடும்.

பொள்ளாச்சி மாடி | 30 ஜனவரி 2025, காலை 7.20

எல்லோருக்கும் நன்றி. ஃபில்டர் கூரியரில் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மாடியில் தண்ணீர் ஊற்றி, விளக்கைப் போட்டுவிட்டுப் பார்த்தோம். குழாயை வடக்கே தள்ளினோம், கோள் ஓர் ஓரத்துக்கு ஓடியது. பளிச்சென்ற வெள்ளை எதிர்ப் பக்கம் இருந்தது. வடக்குதான், டீச்சர்.

சிவப்பைப் போட்டதும் கோள் முழுக்க நெருப்புக் கட்டி மாதிரி ஆனது. வட ஓரத்தில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல அது நின்றது. தெற்கே இருந்த வெள்ளையைக் காணோம். ஃபில்டரைக் கழற்றினால் திரும்ப வருகிறது, போட்டால் போகிறது. மகள் பத்து முறை கழற்றி மாட்டினாள். ஒன்றரை மணிக்கு மறுபடி பார்த்தோம், தெற்கு வெள்ளை இடம் மாறவில்லை. மைத்துனரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

ஒரு சந்தேகம். சில சமயம் பனி கோளின் விளிம்பைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்பது போலத் தெரிகிறது. அது ஏன்?

கணக்கு டீச்சர் | 30 ஜனவரி 2025, இரவு 8.10

பளிச்சென்றதைக் கண் எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். கறுப்புப் பலகையில் சாக்பீஸ் கோடு தடித்துத் தெரிவதைப் போல. அதனால் வரையும்போது பனியை ஒரு நூல் குறைத்தே வரையச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு என்றால் கொசைன் படித்திருப்பாள். வரைந்த படத்தில் பனியின் அகலத்தை அளந்து 50ஆல் வகுக்கச் சொல்லுங்கள். அந்த எண் எந்தக் கோணத்தின் கொசைனோ, அந்த அட்சரேகை வரை பனி இறங்கியிருக்கிறது. துருவம் நம் பக்கம் சாய்ந்திருந்தாலும் அகலம் மாறாது, கணக்கு நிற்கும். வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் தன் கையால் தேய்த்த கண்ணாடிகளை வைத்து இந்த வெண்பொட்டுகளை இரவிரவாகக் குறித்துத்தான் செவ்வாயின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று 1784இல் எழுதினார். 28 டிகிரி சொச்சம் என்றார். இன்றைய கணக்கு 25 சொச்சம். பாப்பாவுக்கு இரண்டு மூன்று டிகிரி பிசகினால் கவலைப்பட வேண்டாம்.

மார்ச் தொடக்கத்தில் கோள் 11 வில்விநாடிக்கு வந்துவிடும். அதற்குள் எத்தனை இரவு முடியுமோ அத்தனை இரவு பாருங்கள்.

பொள்ளாச்சி மாடி | 23 பிப்ரவரி 2025, இரவு 11.55

டீச்சர், மகள் உங்களுக்கு எழுதச் சொன்னாள். இப்போதுதான் மாடியிலிருந்து இறங்கினோம். மொத்தம் ஏழு படம் ஆகியிருக்கிறது. ஜனவரி 29 படத்தில் பனியின் அகலம் 19 மி.மீ. இன்று 16. கையால் வரைந்தது, ஒரு மில்லி முன்னே பின்னே இருக்கும் என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள்.

19ஐ 50ஆல் வகுத்தால் 0.38, அதாவது 67.7 டிகிரி. 16க்கு 0.32, 71.3 டிகிரி. செவ்வாயில் ஒரு டிகிரிக்கு 59 கி.மீ. என்று தேடிப் பிடித்துப் பெருக்கினாள். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம், பனியின் ஓரம் துருவத்தை நோக்கி 200 கி.மீ. பின்வாங்கியிருக்கிறது. பவுடர் டப்பா மூடி அம்மாவுடையது, திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.